அத்தையின் புட்டுச் சிரட்டை

எங்கள் வீட்டில் யாராவது 'புட்டு' என்று வாயெடுத்தால் போதும், "தின்கிற புட்டா, உருட்டுகிற புட்டா?" என்று இன்னொருவர் கேட்டுவிடுவார். வெளியார் முன்னால் கேட்டுவிட்டால் விளக்கம் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பு எப்போதும் என் தலையில்தான் விழும். இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணமான போட்டியை நேரில் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. வெள்ளைக்காரர்கள் காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு அரைக்கும் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பள்ளிக்கூடம் அடைத்த மறுநாளே அம்மா என்னை ரயிலேற்றி அங்கே அனுப்பிவிடுவாள். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

மாமாவுக்குக் கை நடுங்கும். வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது அந்தக் கை ஒரே தடவையில் ஊசிக்குள் நூலைக் கோத்துவிடும். கைக்கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பி, துடைத்து, மறுபடியும் பூட்டி ஓட விடும். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் கொடுக்க மாட்டார்.

இது ஊருக்குத் தெரியவந்தது அவருடைய கல்யாணத்தில். ஆலயம் நிறைய ஜனம். போதகர் மோதிரத்தைக் கையில் கொடுத்து, மணப்பெண் விரலில் போடச் சொல்லியிருக்கிறார். மாமாவின் கை ஆடிய ஆட்டத்தில் மோதிரம் நழுவித் தரையில் விழுந்து, உருண்டு உருண்டு, பெண்கள் பக்கம் போகப் பார்த்ததாம். தலை குனிந்து நின்ற மணப்பெண், அந்தக் குனிந்த தலையை நிமிர்த்தாமலே வலதுகாலை நீட்டி மோதிரத்தை மிதித்து நிறுத்திவிட்டாளாம். அதுதான் என் அத்தை.

அன்றைக்குப் பாடகர் குழுவில் நின்று இதையெல்லாம் பார்த்தவர் ஆலையின் தலைமைக் குமாஸ்தா. மாமாவுக்கு அவர் அப்போதே 'மோதிரம்' என்று பெயர் வைத்துவிட்டார். எட்டு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. "மோதிரம், நாலு போல்ட்டு எடுத்துக் குடும்" என்று ஆலையில் கேட்பார்களாம். மாமா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

ஆலையின் மானேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கோல்ஃப் என்றால் பைத்தியம். அதற்கு அவர்கள் ஊரில் பச்சைப்பசேல் என்று புல்வெளி வேண்டுமாம். ராஜபாளையத்து வெயிலில் ஆட்டுக்கே புல் கிடைப்பதில்லை, துரையின் பந்துக்கு எங்கே கிடைக்கும்? அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் ஓடை வரை கிடந்த பொட்டலில் முள்ளை வெட்டி, மணலைச் சலித்துக் கொட்டி, கழித்துப்போட்ட எஞ்சின் எண்ணெயை அதன்மேல் தெளித்து, உருளை ஓட்டிக் கறுகறுவென்று ஒரு தரை போட்டார். அதன் நடுவில் ஒரு தகர டின்னைப் புதைத்தார். பந்து போய் விழவேண்டிய குழி அதுதான்.

எண்ணெய் ஸ்டோரிலிருந்து போனதால் மாமாவும் அதன் பின்னால் போனார். தூரத்தில் நின்று ஓங்கி அடிப்பதெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை மெள்ளத் தட்டி உள்ளே உருட்டிவிடுகிற வேலைதான் பிடித்திருந்தது. அதற்குத் துரை பாஷையில் 'பட்' என்று பெயர். துரை ஒரு பழைய மட்டையையும், அடிபட்டு அம்மைத் தழும்பு விழுந்தது மாதிரி இருந்த இரண்டு பந்துகளையும் மாமாவுக்குக் கொடுத்தார்.

வீட்டு முற்றத்தில் பழகலாம் என்றால் குழி வேண்டும். டின் அகப்படவில்லை. மாமாவின் கண் அடுக்களைக்குள் போனது. அங்கே ஆணியில் அத்தையின் புட்டுச் சிரட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு நாகர்கோவில் பக்கம். தேங்காய்ச் சிரட்டையில் மாவை அடைத்து ஆவியில் வேகவைத்து எடுப்பாள். குடை கவிழ்த்தது போலப் புட்டு வந்து இலையில் உட்காரும். அந்தச் சிரட்டை அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தேய்த்துத் தேய்த்துக் கறுத்து மினுமினுவென்று இருக்கும். மாமா அதை எடுத்துக் கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே விளிம்பு மட்டும் தெரியும்படி புதைத்தார். பந்து உள்ளே இறங்க அளவு கச்சிதம். அடியில் கண் திறந்திருந்ததால் தண்ணீர் விழுந்தாலும் தேங்காது.

"ஏட்டி, அத்தைகிட்ட மூச்சு விடாத" என்று என் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டைத் திணித்தார்.

மறுநாள் காலையில் அத்தை ஆணியைப் பார்த்துவிட்டு, "செரட்டைய எங்க வச்சேன்னு தெரியலையே" என்றாள். மாமா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "எலி இழுத்திருக்கும்" என்றார்.

"எலியா? சரி" என்று அத்தை அத்தோடு விட்டுவிட்டாள். அந்த வாரமே அவள் ஒரு மூங்கில் குழாயில் புட்டு அவிக்கத் தொடங்கிவிட்டாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் மாமா வந்து மட்டையைத் தூக்குவார். நான் பந்து பொறுக்குவேன். ஐந்து எட்டு எடுத்துவைத்துத் தள்ளி நின்று தட்டுவார். பத்துக்குப் பத்தும் சிரட்டைக்குள் 'டொக் டொக்' என்று விழும். அவர் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகவே நான் பந்து பொறுக்கினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு, தெலுங்கு பேசும் ராஜூக்கள் வீட்டம்மா மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, "ஏமிடி இதி? பெரிய மனுசன் கோலி வெளையாடுறாரு!" என்றார். அவ்வளவுதான். அடுத்த பந்து சிரட்டையை விட்டு, அம்மியைத் தாண்டி, கோழிக்கூண்டுக்குள் போய் விழுந்தது. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி அதையும் சேர்த்து இழுத்து வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் நான் இரண்டு கொத்து வாங்கினேன்.

இதற்குத் துரை ஒரு வைத்தியம் சொன்னாராம். எதிரே நிற்கிறவர்களை மனிதர்கள் என்று நினைக்காதே, பஞ்சுப் பொதிகள் என்று நினைத்துக்கொள் என்று. நல்ல யோசனைதான். ஆனால் மாமா ஸ்டோர் கீப்பர். பொதி என்று நினைத்த உடனே அவர் மனம் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. எண்ணிக்கை உதைத்ததும் கை முன்னைவிட அதிகமாக ஆடியது. நான் ஒரு வைத்தியம் செய்தேன். ஊர் ஜனம் மாதிரி நானே எதிரே நின்று, "மோதிரம்! மோதிரம்!" என்று கத்தினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பந்தைச் சிரட்டையில் போட்டார். என்னைப் பார்த்து அவருக்கு எதற்குப் பயம்?

அந்த விடுமுறைக்குள் மாமாவின் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற அறுப்பின் பண்டிகை வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை சபையார்களுக்கு ஒரு போட்டி வைக்கிறேன் என்று துரை ஒரு சீட்டு எழுதி உபதேசியாருக்கு அனுப்பினார். போதகர் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும் அறிவிப்பு வாசிப்பதும் உபதேசியார்தான். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டத் தெரியும். அன்றைக்கும் கூட்டினார். துரை எழுதியிருந்தது பி, யு, டி, இன்னொரு டி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று வாசித்தார்.

"வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஆலைத் துரை அவர்கள் பங்களாவுக்குப் பின்புறத்தில், புட்டுப் போட்டி நடைபெறும். ஜெயித்தவர்களுக்குத் துரை அவர்கள் பரிசு கொடுப்பார்கள்."

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. என் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் ஆண்கள் பக்கம் எட்டி மாமாவைப் பார்த்தேன். அவருக்குத் தப்பு தெரிந்துவிட்டது. எழுந்து திருத்தப்போகிறார் என்று பார்த்தால், பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னைத் தனியே ஒதுக்கிச் சொன்னார். "பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒரு ஆம்பளையும் எட்டிப் பாக்க மாட்டான். நானும் துரையும் ரெண்டு மூணு பேரும்தான் இருப்போம். எனக்குக் கை நடுங்காது. எப்படி?"

எனக்கு மாமாவின் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பொட்டலில் ராஜபாளையமே திரண்டு நின்றது. புட்டுப் போட்டி என்றால் பெண்கள் புட்டு அவித்துக்கொண்டு வருவார்கள். அத்தனை புட்டு வந்தால் யாராவது தின்னத்தானே வேண்டும்? ஆண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள், ஆலையில் முதல் ஷிப்டு முடித்தவர்கள், சபைக்கே வராதவர்கள், தளவாய்புரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ராஜூக்கள் வீட்டம்மா தன் வீட்டுப் பட்டாளத்தையே கூட்டி வந்திருந்தார். கேழ்வரகுப் புட்டு, அரிசிப் புட்டு, கருப்பட்டி போட்டது, தேங்காய் போட்டது என்று தூக்குச்சட்டிகளும் ஓலைப்பெட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. துரை மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் எல்லாம் பந்தை ஏன் பாத்திரத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வந்த வழியே திரும்பப் பார்த்தார்.

உபதேசியாரிடம் துரை விசாரித்து, விஷயம் விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரைசாணி அம்மாளுக்கும் சொல்ல, அந்த அம்மாளும் சிரித்தார். உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுதியிருந்ததைத்தானே வாசித்தேன் என்று கடைசி வரை சாதித்தார். பிறகு துரை ஒரு நல்ல காரியம் செய்தார். இரண்டு போட்டியும் நடக்கட்டும், புட்டைத் துரைசாணி ருசி பார்ப்பார், பந்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

துரைசாணி இருபது வீட்டுப் புட்டையும் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துக் குடித்து நகர்ந்தார். பரிசு உபதேசியார் சம்சாரத்துக்குப் போனது. அறிவிப்பு வாசிப்பதற்கு முன்னாலேயே சீட்டு அவர் வீட்டில்தானே இருந்தது, முந்தியே அரிசி ஊறப்போட்டிருப்பாள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அத்தையின் குழாய்ப் புட்டைத் துரைசாணி இரண்டாம் தடவையும் கிள்ளினார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது பந்து. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. பாதிப்பேர் மட்டையை உலக்கை மாதிரி பிடித்தார்கள். ஒருவர் அடித்த பந்து ஓடைக்கே போய்விட்டது. மாமா தன் முறை வந்தபோது, ஜனம் புட்டு தின்பதில் மும்முரமாக இருந்த சமயம் பார்த்து, சத்தம் காட்டாமல் இரண்டு பந்தைப் போட்டுவிட்டார். தலைமைக் குமாஸ்தாவும் இரண்டு போட்டிருந்தார். அவரும் துரையோடு பழகியவர்தான். இரண்டு பேரும் சமம். ஆகவே ஆளுக்கு ஒரே ஒரு பந்து, ஐந்து எட்டு தூரத்திலிருந்து என்று துரை அறிவித்தார். அதற்குள் புட்டு தீர்ந்துவிட்டது. வேறு வேலையில்லாத ஜனம் முழுவதும் வந்து வட்டம் கட்டி நின்றது.

குமாஸ்தா அடித்தார். பந்து டின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. மாமா போட்டுவிட்டால் ஜெயித்துவிடுவார்.

மாமா பந்துக்கு முன்னால் போய் நின்றார். அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா உரக்கச் சொன்னார்.

"மோதிரம் பத்திரம்வே!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வராதவர்களுக்கு வந்தவர்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மட்டையின் தலை மணலில் கிடுகிடுவென்று ஆடுவது நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது. மாமா நிமிர்ந்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். மறுபடி ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. போட வேண்டாம், பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள் மாமா என்று கத்த வேண்டும் போல இருந்தது. அது தவறிவிட்டால் இன்னும் எட்டு வருஷத்துக்கு, ஏன், ஆயுசுக்கும் அவர் மோதிரம்தான். அது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் காலித் தூக்குச்சட்டி. துரை நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், வீட்டு அடுக்களையில் நின்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"என்னங்க, எம் புட்டுச் செரட்டையக் கண்டியளா?"

கூட்டம் மாமாவை விட்டுவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கையும் களவுமாக அகப்பட்டவர் விழிப்பது போல விழித்தார்.

"இப்பவா கேப்ப? எலி இழுத்துச்சுன்னு சொன்னேன்லா!"

"எந்தப் பக்கமா இழுத்துச்சுன்னு பாத்தியளா?"

"ஏளா, வீட்டுக்கு வந்து தேடித் தாரேன். சும்மா இரு" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, அதே எரிச்சலில் குனிந்து பந்தைத் தட்டினார். பந்து ஒரே சீராக உருண்டது. டின்னின் விளிம்பில் ஒரு கணம் யோசித்தது. பிறகு 'டங்' என்று உள்ளே விழுந்தது.

அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்கு இன்றும் வார்த்தை இல்லை. ஜனம் போட்ட கூச்சலில் ஓடைக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. துரை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவே வந்து முதுகில் தட்டி, "புட்டு, நீர் ஆளு கெட்டிக்காரரு" என்றார். அன்றோடு மோதிரம் செத்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் மாமாவுக்கு ஊரில் பெயர் புட்டு. அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் வீடு வரை சிரித்துக்கொண்டே வருவார், வீட்டுக்குள்ளும் சிரிப்பார்.

பரிசு, மூடியில் ராஜா படம் போட்ட ஒரு பெரிய பிஸ்கட் டின். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். மாமா வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "அங்க ஒருத்தரும் எனக்குத் தெரியல வே. செரட்டை மட்டும்தான் கண்ணுக்கு முன்ன நின்னுச்சு. இவகிட்ட என்னத்தச் சொல்லிச் சமாளிக்கன்னே யோசனை. கை எப்பப் போச்சுன்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

எனக்கோ அத்தையின் மேல் கோபம் கோபமாக வந்தது. மாமா மட்டும் கெட்டியாக இல்லாவிட்டால் அவள் கேட்ட கேள்வியில் எல்லாம் பாழாகியிருக்கும் அல்லவா? அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க ஏன் அத்தை அந்நேரம் பாத்துக் கேட்டீக?"

"பொறவு மறந்துரும்லாட்டி. நெனப்பு வந்தப்பவே கேட்டுறணும்" என்றாள்.

திங்கட்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கு விடிந்ததும் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். அத்தை முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த விடுமுறை முழுக்க நான் தினமும் பார்த்த காட்சிதான். வேப்பமரத்தடிக்கு வந்ததும் விளக்குமாற்றை நிறுத்திக் குனிவாள். புதைந்திருந்த சிரட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, உதிர்ந்து கிடக்கிற வேப்பம்பூவை எடுத்து வெளியே போடுவாள். விளிம்பில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைப்பாள். பிறகு அதில் தூசி விழாமல் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போவாள். அன்றைக்கும் அப்படியே செய்தாள். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சிரட்டை புதைத்ததையும், அத்தை அதைத் தினமும் துடைத்ததையும், போட்டியில் எல்லார் முன்னாலும் அதே சிரட்டையைக் காணோம் என்று கேட்டதையும் சொல்லி, "அத்தைக்கு ரொம்ப மறதிம்மா, பாவம்" என்று முடித்தேன். அம்மா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். ஒருத்தருக்கு மறதி வந்தால் இப்படியா சிரிப்பது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, ஞாபகசக்திக்கு நல்லது என்று எங்கள் வகுப்பு டீச்சர் சொன்ன வல்லாரைக் கீரையைப் பெரிய கட்டாகக் கட்டி அத்தைக்குக் கொண்டுபோனேன். எதற்கு என்றும் சொன்னேன். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். மத்தியானம் துவையல் அரைத்தாள். தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த அம்புட்டையும் என் சோற்றில் வைத்துப் பிசைந்தாள்.